உணவு ஈயும் ஐந்தாம் பேறு



உணவு ஈவோன் அதனை ஏற்போனுக்கு ஐந்து பேறுகளை ஈகின்றான் என்று பகவான் புத்தர் அங்குத்தர நிகாயத்தில் அருளியுள்ளார். ஆயுள், அழகு, இன்பம், வலிமை ஆகிய நான்கினையும் முறையே கூறிய பெருமான், ஐந்தாவதாக அறிவுத் தெளிவைக் கூறுகின்றார். வடமொழியாளர் இதனைப் பிரதிபானம் என்பர். சமயத்துக்கு உரிய கருத்தும் சொல்லும் தடையின்றித் தோன்றும் மனக்கூர்மையே அது.

முதல் நான்கு பேறுகளும் கண்ணுக்குப் புலனாவன. உண்டவன் உயிர் தரிக்கின்றான்; முகம் தெளிகின்றது; வாட்டம் நீங்குகின்றது; கைகால்கள் வலுப்பெறுகின்றன. ஆனால் ஐந்தாவது பேறு எவ்வாறு கூடும்? ஓர் அகப்பைச் சோறு வயிற்றுக்குள் அன்றோ செல்கின்றது? அஃது அறிவை எவ்வாறு அடையும்? இவ்வினாவை இன்று ஆராய்தல் நம் கடமை. ஏனெனில், சோறு அறிவைத் தரும் என்பது மெய்யானால், தீய உணவு அறிவைக் கெடுக்கும் என்பதும் மெய்யே. நம் மக்கள் பள்ளி வாயிலில் வாங்கி உண்பதும், திருநாட்களில் தானம் என்று அவர்கள் கையில் வைக்கப்படுவதும் இவ்விரண்டில் எதனைச் செய்கின்றன என்று அறிந்தாக வேண்டும்.

ஆளவி நகரில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைத் தம்மபத உரை கூறுகின்றது. ததாகதர் அந்நகருக்கு எழுந்தருளினார். மக்கள் அவருக்கும் பிக்குகளுக்கும் அமுது படைத்து, அறவுரை கேட்க அமர்ந்திருந்தனர். பெருமானோ வாய் திறவாமல் காத்திருந்தார். அவ்வூர் ஏழை உழவன் ஒருவன் காணாமற்போன தன் எருதைத் தேடிக் காலை முழுவதும் அலைந்து, பின்னர் அதனைக் கண்டு மந்தையில் சேர்த்துவிட்டு, உண்ணாத வயிற்றோடு அவைக்கு வந்தான். பெருமான் மிஞ்சிய உணவு உண்டா என வினவி, அவனை அமர்த்தி உண்பிக்கச் செய்தார். அவன் பசி அடங்கிய பின்னரே அறவுரை தொடங்கியது. அவ்வுரையைக் கேட்டு அவன் முதற் பலனை எய்தினான். ஒருவனுக்கு உணவளிக்கும் பொருட்டுப் பெருமான் காத்திருந்தது ஏன் என்று பிக்குகள் வியந்து பேசிக்கொண்டனர். பசிநோயால் வருந்துவோன் தம்மத்தை உணரமாட்டான் என்று பெருமான் அவர்களுக்கு விளக்கினார்.

இவ்வுண்மையை அவர் தம் உடலிலேயே கண்டவர். ஆறாண்டுக் கடுந்தவத்தால் உடல் வற்றிய பின்பு, அவ்வழி ஞானத்துக்கு உதவாது எனத் தெளிந்து உணவு கொண்டார். அதன் பின்னரே போதி மரத்தடியில் சித்தம் ஒருமுகப்பட்டது. ஆகவே, வயிற்றையும் மனத்தையும் பகைகளாகப் பிரித்துப் பேசுதல் நம் நெறியன்று.

உடலின் முப்பத்திரண்டு கூறுகளைச் சிந்திக்கும் தியானத்தை அன்பர்கள் அறிவீர்கள். தலைமயிர் தொடங்கித் தோல், எலும்பு, இதயம், குடல், இரைப்பையில் உள்ளது, மலம் என ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கின்றோம். சில பாடங்களில் மலத்தை அடுத்து மூளை வைக்கப்பட்டுள்ளது. குடலையும் அதன் உள்ளீட்டையும் எண்ணியவுடன் மூளையை எண்ணுகின்றோம். இவ்வடைவு எக்கருத்தால் அமைந்ததாயினும், இக்காலத்து உடல் நூலார் கூறுவதனோடு அது நன்கு பொருந்துகின்றது.

அவர்கள் கூறுவது யாது? குடற்சுவரில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் என்னும் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, வயிற்றின் செய்தியை மேலே மூளைக்குக் கொண்டுசெல்வன. மூளை வயிற்றுக்கு இடும் கட்டளைகளைவிட, வயிறு மூளைக்கு அனுப்பும் செய்திகளே மிகுதி.

அன்றியும், நம் உடலில் வாழும் நுண்ணுயிர்கள் சுமார் 38 இலட்சம் கோடி என்று 2016-ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. நமக்குச் செரிக்காத நார்ப்பொருளே அவற்றுக்கு உணவு. கீரை, காய், பருப்பு, தீட்டாத தானியம் இவற்றின் நாரை அவை உண்டு, பியூட்டிரேட் முதலிய பொருள்களை ஆக்குகின்றன. அப்பொருள்கள் குடற்சுவரின் அணுக்களுக்கு ஊட்டமாகின்றன. நார் இல்லாத உணவையே எலிகளுக்கு இட்டு ஆராய்ந்தபோது, பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்து உண்டதைக் கண்டனர். காவல் குலைந்த குடலில் அழற்சி தோன்றுகின்றது. அவ்வழற்சி குருதி வழியாக உடலெங்கும் பரவி மூளையையும் தாக்கக்கூடும் என்பது இன்று ஊன்றி ஆராயப்படும் பொருள். நம்முள் வாழும் உயிர்களுக்கும் நாம் உணவளிக்கின்றோம் என்னும் எண்ணம் தம்ம வழி நிற்போருக்குப் புதிதன்று.

இஃது ஏதோ அயல்நாட்டுப் புதுச்செய்தி என்று கருத வேண்டா. நம் நாட்டின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. ஜாவாவில் பணியாற்றிய ஏய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளரிசியை மட்டும் தின்ற கோழிகள் நரம்பு தளர்ந்து வீழ்வதை 1890-களில் கண்டார். அதற்காக 1929-இல் நோபெல் பரிசு பெற்றார். நெல்லின் தவிட்டோடு தயமின் என்னும் வைட்டமின் நீங்கிவிடுவதே பெரிபெரி நோய்க்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அச்சத்து மிகக் குறைந்தால் கால் தளர்வதோடு நில்லாது. சித்தம் தடுமாறி நினைவும் அழியும். குன்னூரில் 1918-இல் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வு, நம் நாட்டில் இந்நோயை ஆராய்ந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரையின் வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அவ்வாறு இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசியின் உள்ளே சென்று படிந்துவிடுகின்றது. நெல் அவித்த நம் பாட்டிமார் வைட்டமின் என்னும் பெயரைக் கேட்டறியார். ஆயினும் தம் மக்களின் நரம்பையும் நினைவையும் காத்தனர்.

தக்காணப் பீடபூமியில் பெலாக்ரா என்னும் மற்றொரு நோய் காணப்பட்டது. தோல் கருகி வெடிக்கும், வயிறு கழியும், சித்தம் கலங்கும். தோலும் குடலும் மூளையும் ஒரே குறையால் ஒருங்கே கெடும் நோய் இது. நயசின் என்னும் வைட்டமின் உடலுக்குப் போதாமையே காரணம். சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழைகளிடம் இது தோன்றுவதை ஆராய்ந்து, டாக்டர் கோபாலனும் டாக்டர் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் தம் கருத்தை வெளியிட்டனர். சோளம் நல்ல தானியமே. பருப்பும் கீரையும் பாலும் கூட்டி உண்ண இயலாமல், அதனையே நாள்தோறும் உண்ணச் செய்தது வறுமை. சித்தம் கலங்கிய அம்மனிதரை முன்வினை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. வைட்டமின் கொடுத்து மீட்டவர்களும் உண்டு. இவ்விருவருள் தம்ம வழி நின்றவர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

அவை இல்லாமையால் விளைந்த நோய்கள். இன்று நம்மைச் சூழ்ந்திருப்பதோ வேறொரு வகை. வயிறு நிறைகின்றது, பசி அடங்குவதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகையை நினைவுகூர்வோமாக. யானைத்தீ என்னும் நோயால் எவ்வளவு உண்டாலும் பசி தணியாமல் பன்னீராண்டு துன்புற்றவள் அவள். அவளை ஒத்த மக்களை இன்று தெருதோறும் காண்கின்றோம்.

அமெரிக்க அரசின் தேசிய உடல்நல நிறுவனத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியாயிற்று. 20 பேரை ஆய்வுக் கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் இயல்பான உணவையும் மாற்றி மாற்றி அளித்தனர். படைத்த உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் ஆகியன இரு வகையிலும் ஒத்திருக்குமாறு அமைத்து, வேண்டிய அளவு உண்ணலாம் என விட்டனர். ஆலை உணவை உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர், விரைந்தும் உண்டனர். அவ்விரு வாரத்தில் சுமார் 900 கிராம் எடை கூடியது. இயல்பான உணவுக்கு மாறியதும் அதே அளவு குறைந்தது. மனிதர் அவரே, உணவின் வகை ஒன்றே மாறியது.

இதனினும் நாம் அஞ்சத் தக்கது 2020-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஆய்வு. உடல்நலம் உடைய இளைஞர் 110 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒரு வாரம் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவை அளித்தனர். ஒரே வாரத்தில் அவர்களுடைய நினைவாற்றல் குறைந்தது. அதனோடு, வயிறு நிறைந்த பின்னும் தின்பண்டத்தின் மீது விருப்பம் கூடியது. மூளையில் நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியே, உண்டது போதும் என்று உணர்வதற்கும் துணை செய்வது. அப்பகுதி தளரவே, நினைவும் தளர்ந்தது. போதும் என்னும் உணர்வும் தளர்ந்தது.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுவோம். நற்கடைப்பிடி என்று நாம் போற்றும் சதி என்னும் பாலிச் சொல்லுக்கு மூலப்பொருள் நினைவு என்பதே. உணவில் அளவறிதல் அந்நினைவினால் நிகழ்வது. அளவைக் கெடுக்கும் உணவோ, அளவறியும் அந்நினைவையே முதலில் கெடுக்கின்றது. கள்வன் வீட்டினுள் புகுந்ததும் விளக்கை அணைப்பது போன்றது இது. விளக்கு அணைந்த பின், கள்வனைப் பிடிக்கவில்லையே என்று வீட்டுக்காரனை மட்டும் பழிப்பதில் பயன் என்ன?

கோசல நாட்டு மன்னர் பசேனதியின் வரலாறு இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகின்றது. அவர் ஒரு துரோண அளவு சோற்றைக் கறிவகைகளோடு உண்டு, மூச்சு வாங்கப் பெருமான் முன் வந்து அமர்ந்தார். பெருமான் அவரை இகழவில்லை, உண்ணாநோன்பு விதிக்கவுமில்லை. நினைவோடு இருந்து உணவில் அளவறிவோனுக்கு நோவு குறையும், முதுமை மெல்ல வரும் என்னும் கருத்தமைந்த ஒரு செய்யுளைக் கூறினார். மன்னர் அருகில் நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அழைத்து, அச்செய்யுளைக் கற்றுத் தாம் உண்ணும்போதெல்லாம் ஓதுமாறு பணித்தார். அதற்கு நாள்தோறும் நூறு கஹாபணம் அளிப்பதாகவும் கூறினார். மன்னர் படிப்படியாகக் குறைத்து, ஒரு நாழி அளவில் நின்றார். உடல் இலேசாயிற்று, உள்ளம் மகிழ்ந்தது.

இவ்வரலாற்றில் நாம் காணத்தக்கது மன்னரின் மனவுறுதி மட்டுமன்று. உணவின் முன் தம் நினைவு தவறும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின் நினைவூட்டும் ஒருவனைத் தம் அருகில் நிறுத்திக்கொண்டார். நாடாளும் மன்னருக்கே ஒரு சுதஸ்ஸனன் வேண்டியிருந்தான் என்றால், எட்டு வயதுச் சிறுவனுக்கு வேண்டாவோ? விடியலில் வேலைக்குச் சென்று இருட்டியபின் திரும்பும் தாய்க்கு வேண்டாவோ? அவள் கையிலுள்ள சில்லறைக்கு எளிதில் கிடைப்பது வண்ணப் பொட்டலம். அவளைக் குறைகூறுதல் எளிது. அவளுக்குச் சுதஸ்ஸனனாக நிற்பதே அறம்.

நாட்டின் நிலையும் சிறிதன்று. குன்னூரில் பிறந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறிய ஆய்வுக்கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தகாத உணவினால் விளைவது என்று அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் மதிப்பிடுகின்றது. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை மாணவருக்கு விற்றலாகாது என்று 2020-ஆம் ஆண்டின் விதி கூறுகின்றது. விதி ஏட்டில் உள்ளது. அதனை வாயிலில் நின்று காப்போர் பெற்றோரும் ஊராருமே ஆவர்.

இனி நம் தானத்துக்கு வருவோம். வைசாக பூர்ணிமை நாளில் குழந்தைகள் வரிசையாக நிற்கின்றனர். அவர்கள் கையில் சாயமிட்ட சர்க்கரைப் பானத்தையும் உப்பேறிய வறுவல் பொட்டலத்தையும் வைத்தல் இன்று பல இடங்களிலும் வழக்கமாகி வருகின்றது. கொடுப்போர் உள்ளம் தூயதே; குழந்தையின் முகமும் மலர்கின்றது. ஆனால் பெருமான் கூறிய ஐந்து பேறுகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். அப்பொட்டலம் ஆயுளைத் தருமா? வலிமையைத் தருமா? அறிவுத் தெளிவைத் தருமா? நாவில் ஒரு கணத்து இன்பம் தவிர வேறொன்றும் தராதது அன்னதானம் ஆகுமா? ஈகையில் சேதனை, அதாவது கொடுப்போன் நோக்கம், முதன்மையானது. நல்ல நோக்கம் அறிவோடு சேரும்போதே தானம் நிறைவுறும்.

ஆதலின் சங்கத்து அன்பர்கள் முன் எளிய சில செயல்களை வைக்கின்றோம். திருநாளிலும் ஞாயிறு தம்ம வகுப்பிலும் சுண்டல், வேகவைத்த நிலக்கடலை, வாழைப்பழம், மோர், கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றுள் இயன்றதை வழங்குவோம். இவை பொட்டலத்தைவிட விலை மிக்கவை அல்ல. சமைக்கும் கைகளே வேண்டும். வேலைக்குச் செல்லும் தாய்மார் உள்ள தெருவில், முறை வைத்துக் கூட்டாகச் சமைக்கலாம். அச்சமையலில் ஆடவரும் பங்குகொள்ள வேண்டும். வீட்டில் உண்ணத் தொடங்குமுன், பிக்குகள் எண்ணுமாறு, இவ்வுணவு விளையாட்டுக்கும் செருக்குக்கும் அன்று, உடலைத் தாங்கி நல்வாழ்வு வாழ்வதற்கே என்று ஒரு கணம் எண்ணலாம். குழந்தை ஒன்று அதனை நாள்தோறும் சொன்னால் அதுவே அவ்வீட்டின் சுதஸ்ஸனன்.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர், கடும் மனச்சோர்வு உற்ற 67 பேரை இரு பிரிவாக்கி 12 வாரம் ஆராய்ந்தனர். உணவைத் திருத்த உதவி பெற்றோரில் சுமார் 32 சதவீதத்தினர் நோய் தணியப் பெற்றனர். பேச்சுத்துணை மட்டும் பெற்றோரில் 8 சதவீதத்தினரே தணியப் பெற்றனர். நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் சிறிய ஆய்வு. அவர்களுள் பலர் மருத்துவமும் பெற்றுவந்தவர். ஆகவே, மனநோயால் வருந்துவோரிடம் உன் உணவே உன்னைக் கெடுத்தது என்று கூறுதல் கொடுஞ்சொல்லாகும். மருந்தை நிறுத்து என்பது பெருந்தீங்கு. மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்; உடன் அமர்ந்து நல்லுணவும் உண்போம்.

காயசண்டிகையின் யானைத்தீயை மணிமேகலை எவ்வாறு அவித்தாள்? அமுதசுரபியிலிருந்து எடுத்து இட்ட ஒரு பிடி உணவால் அன்றோ? மலைபோல் குவிந்த உணவு தீர்க்காத பசியை, அருளோடு இட்ட ஒரு கவளம் தீர்த்தது. அப்பாத்திரம் நம் கையில் இல்லை என்று வருந்த வேண்டா. அறிவோடும் அன்போடும் சமைத்து, பசித்த குழந்தையின் முன் வைக்கும் எந்தக் கலமும் அமுதசுரபியே. அக்குழந்தை உண்டு, உறங்கி, மறுநாட்காலை பாடத்தைத் தெளிந்து சொல்லும்போது, பெருமான் கூறிய ஐந்தாம் பேற்றை நாம் கண்ணாரக் காண்போம்.

எவ்வுயிரும் நல்லுணவும் நல்லறிவும் பெற்று நலம் பெறுக.

சாது! சாது! சாது!